நாற்பத்தொன்றாவது குடிசை

உம்மு ரிம்தில் இப்போது யாரும் இல்லை.
பள்ளிவாசலின் இடுப்பளவுச் சுவர்,
உப்பேறிய கிணறு,
சிப்பி ஓடுகள் குவிந்த மேடு,
அதற்கப்பால் ராஸ் அல் கைமா நெடுஞ்சாலையின் இரைச்சல்.
இங்கே ஓர் ஊர் இருந்ததற்குச் சாட்சி
இரண்டு காகிதம். மீதி மண்.

முதல் காகிதம்
ஒரு வெள்ளைக்காரன் கப்பலில் இருந்தபடி எழுதியது:
நாற்பது ஓலைக் குடிசைகள், ஏழு படகுகள்,
இருநூறு பேரீச்ச மரங்கள், தண்ணீர் சுமார்.
கரையில் இறங்கினானா, குறிப்பில்லை.
தொலைநோக்கியில் எண்ணியிருப்பான் என்கிறார்
தலைமை ஆய்வாளர் இங்கெபோர்க்.
தண்ணீரையும் தொலைநோக்கியில்தான் குடித்துப் பார்த்தானா என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.

இரண்டாவது, முத்து வியாபாரியின் பற்று வரவு.
பூச்சி தின்றது போக முப்பத்தாறு பக்கம்.
கடனெல்லாம் ரூபாயில்,
அரபு எழுத்தில் நம் ரூபாய், நம் அணா.
சுஹைல் மகன் ராஷித், எண்பது, அரிசி ஒரு மூட்டை.
குபைஷ் மகன் ஸாலிம், நூற்றுப் பத்து, கயிறு ஒரு சுருள்.
தகப்பன் மூழ்கிச் செத்தால்
அடுத்த பக்கத்தில் மகன் எழுவான், அதே தொகையோடு.
ஒரே ஒரு வரிக்குத் தகப்பன் இல்லை.
ஃபரஜ், நூற்று நாற்பது ரூபாய்.
யாருடைய மகன் என்று எழுதவேண்டிய இடத்தில்
யாருடையவன் என்று எழுதியிருக்கிறது.

என் வேலை குழிகளை வரைவது.
குடிசை போய்விடும்; கம்பு நட்ட குழி போகாது.
மண்ணை லேசாக நனைத்தால்
தேநீர்க் கறைபோல் ஒரு வட்டம் மேலே வரும்.
வட்டங்களை இணைத்தால் சுவர்,
இணையாமல் விட்ட இடம் வாசல்.
நாற்பதுவரை வரைந்து முடித்துப் பென்சில் சீவினேன்.
வட்டங்கள் நிற்கவில்லை.
நாற்பத்தொன்று, ஐம்பது, அறுபத்திரண்டு,
எல்லாம் சிப்பி மேட்டுக்குப் பின்னால்,
கப்பலிலிருந்து தெரியாத பக்கம்.

கல்ஃபான் வந்தார், நகரத்திலிருந்து, வெள்ளை நிஸ்ஸானில்.
அவருடைய தந்தை பிறந்த ஊராம்.
மேட்டை ஒருமுறை சுற்றி நடந்துவிட்டு
"அந்தப் பக்கம் ஆடு கட்டுவார்கள்" என்றார்.
ஆட்டுக் கொட்டிலில் ரொட்டி அடுப்பு எதற்கு,
கருகிய மீன்முள் எதற்கு,
குழந்தைக் கைக்கு மட்டும் நுழையும்
பச்சைக் கண்ணாடி வளையல் எதற்கு?
நான் கேட்கவில்லை. இங்கெபோர்க் கேட்டார்.
கல்ஃபான் வெகுநேரம் கடலைப் பார்த்தார்.
"எல்லாரிடமும் ஆடு இருந்தது" என்றார் கடைசியில்.
போகும்போது ஒரு பெட்டி பேரீச்சம்பழம் கொடுத்தார்.
நல்ல மனிதர், பழமும் நல்ல பழம்.

சாயங்காலம் அறிக்கையின் முன்வடிவு வந்தது.
நாற்பது, வீடுகள்.
இருபத்திரண்டு, துணைக் கட்டுமானங்கள்.
அடுப்பு அடிக்குறிப்பில் எரிகிறது.
கடைசிப் பக்கத்தில் நன்றி:
மூன்று பேராசிரியர்கள்,
ஓர் எழுத்துப் பிழையோடு நான்,
பிறகு, "தொழிலாளர் அறுவர்."

வளையலைச் சல்லடையில் பிடித்தவன் மொக்லேஸ்,
நோவாகாளிப் பக்கத்துக்காரன்.
எட்டு நாள் மண் சலித்து
ஒன்பதாம் நாள் அதை உள்ளங்கையில் ஏந்தி வந்தான்,
உடையாத முட்டையைக் கொண்டுவருவதுபோல்.
விசாவுக்கு வாங்கிய பணத்தில்
இன்னும் பாதி பாக்கி என்று நேற்றுச் சொன்னான்.
எந்த நாணயத்தில் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

அருங்காட்சியகத்துக்குப் போகும் பையில் சீட்டு வைக்கவேண்டும்.
இடம், அடுக்கு, ஆழம், தேதி.
கண்டெடுத்தவருக்குக் கட்டம் கிடையாது.
ஆழத்தில் முப்பத்தைந்து சென்டிமீட்டர் என்று எழுதி
மிச்சமிருந்த விரற்கடை இடத்தில்
மொக்லேஸ் என்று எழுதினேன்,
பென்சிலால், பேனா மை இந்த வெயிலில் வெளுத்துவிடும்.
அதற்கு முன்னால் இன்னும் கொஞ்சம் இடம் இருந்தது.
அவன் தகப்பன் பெயர் கேட்கச்
சல்லடைக் கொட்டகைக்கு நடந்தேன்.