உழிஞை சூடாதவர்கள்

இன்றும் வந்து நிற்கிறது.
மூவாயிரம் வில்லாளிகள், எண்ணூறு குதிரை,
நான்கு கல்லெறி பொறிகள்.
பனி விழுந்து, உருகி, மறுபடி விழுந்துவிட்டது
திரைக்குள் இருக்கும் அந்த நாட்டில்.
மதிலை ஒருமுறை சுற்றும்.
வெளியே இருக்கிற கோதுமையைக் கொளுத்தும்.
ஆற்றங்கரை வரை போய்
எதையோ மறந்துவிட்டதுபோலத் திரும்பி வரும்.
ஏணி மட்டும் சாத்தாது.

சத்துவாச்சாரியில்,
பிப்ரவரியிலேயே காயத் தொடங்கும் மொட்டைமாடிக்குக் கீழே
பழைய லேப்டாப்பின் விசிறி இரைய
நூற்றிருபது பேரோடு உள்ளே இருக்கிறேன்.
அடித்தால் அரை மணியில் விழுந்துவிடுவேன்.
அடிக்காது.

இம்தாதுல்லா சிரித்தான்.
ராணிப்பேட்டையில் தோல் கம்பெனிக்கு
சாஃப்ட்வேர் எழுதுகிறவன்.
"பயம்னு நெனைக்காதே. கணக்கு.
ஏணிக்கு இத்தினி ஆள் போவும்,
கதவுக்கு இத்தினி,
உள்ள பூந்த பின்னால முதுகுல எவன் வருவான்னு
அதுக்கு இத்தினி.
கூட்டிக் கழிச்சா தெனம் ஒரே விடை:
நாளைக்குப் பாத்துக்கலாம்."
எழுதியவன் எங்கோ ஓர் எண்ணைக்
கொஞ்சம் கூடுதலாக வைத்துவிட்டானாம்.

ஊரிசில் மூன்று வருடம் தமிழ் படித்தேன்.
வளைப்பவன் உழிஞை சூட வேண்டும்,
காப்பவன் நொச்சி. பத்து மதிப்பெண்.
உழிஞை என்பது முடக்கத்தான்தான் என்று
பிறகு யாரோ சொன்னார்கள்.
மூட்டுவலிக்குத் தோசை சுடுவது.
நொச்சி, கொசுவுக்குப் புகை போட.

பகலில் எனக்கும் படை உண்டு.
ஒரு வண்டி, ஒரு ரசீது மெஷின்,
ஃபைனான்ஸ் கம்பெனி தைத்துக்கொடுத்த நீலச் சட்டை,
பதினெட்டுப் பெயர்கள்.
பன்னிரண்டாவது, கொசப்பேட்டையில்:
ச. குணவதி, ஐந்து தவணை பாக்கி.
எதிரில் டீக்கடை. அங்கேதான் நிறுத்துவேன்.
வாசலில் மூன்று ஜோடிச் செருப்பு.
ஒன்று சின்னது, வார் அறுந்து ஊக்கு குத்தியது.
உள்ளே ஓடிக்கொண்டிருக்கும் மிக்ஸி
சட்டென்று நிற்கும்.
என் வண்டிச் சத்தம் அவளுக்குப் பழக்கம்.

குடிப்பேன். மணி பார்ப்பேன்.
தெருவை ஒருமுறை சுற்றுவேன்.
பிள்ளையார் கோயில் வரை போய்
எதையோ மறந்துவிட்டதுபோலத் திரும்பி வருவேன்.
'வீடு பூட்டியுள்ளது' என்று மெஷினில் அடிப்பேன்.
மேனேஜர் தணிகாசலம் கேட்பார்:
"அஞ்சு மாசமாவாய்யா பூட்டிக்கினுகீது?
கோட்டையே காலைல தொறந்து வுட்டுட்றான்."

இரக்கம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.
தட்டினால் திறப்பாள்.
திறந்தால் நான் ஒரு வாக்கியம் சொல்லியாக வேண்டும்.
அந்த வாக்கியத்துக்கு
இத்தினி ஆள் போவும்.

போன வியாழக்கிழமை
டீக்குக் காசு நீட்டினேன். கடைக்காரர் வாங்கவில்லை.
"எதிர் வூட்டம்மா குட்த்துட்டாங்க.
போன வாரத்தது கூட சேத்து."
பன்னிரண்டும் பன்னிரண்டும் இருபத்துநான்கு ரூபாய்.
ஜன்னல் திரை அசையவில்லை.

கப்பமா?
பரிசிலா?
பாடத்தில் இப்படியொரு துறை இல்லை.
மெஷினில் ரசீது போடவும் இடமில்லை.
கொஞ்ச நேரம் சில்லறையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு
நின்றேன், வெயிலில், மூளியாக.

திரும்பும் வழியில்
அகழியோரம் ஒருவன்
மதிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு
பொட்டலத்தைப் பிரித்துப் புரோட்டா தின்றுகொண்டிருந்தான்.
தண்ணீரில் மதில் தலைகீழாக,
ஏறுவதற்கு வசதியாகத் தெரிந்தது.

இரவு.
வந்து நிற்கிறது.
எதிரி அரசன் பெயரைத் தொட்டு
நூறு பொன் அனுப்பினேன்.
காரணம் கேட்கும் பெட்டி
அந்த ஆட்டத்தில் இல்லை.
குதிரைகள் நின்ற இடத்திலேயே வாலாட்டின.
வெகுநேரம் கழித்து
ஒரே ஒரு கல்லெறி பொறி மட்டும்
ஒரு கட்டம் முன்னால் நகர்ந்தது.