வலக்கைப் புயல்

நாகையில் புயல் கூண்டு பதினொன்று வரை ஏறும்.
இங்கே எச்சரிக்கை நான்கோடு முடிந்துவிடுகிறது.
மூன்று என்றதும் பேருந்துகள் நின்றன.
ஒரு கை மட்டும் தைத்த சட்டையை
ஊசிக்கடியில் அப்படியே விட்டுவிட்டு வந்தேன்.

மொரீஷியஸின் கிழக்கே, ஃப்ளாக்.
கரும்புக்கு நடுவே எங்கள் விடுதி, நாற்பத்தொரு பெண்கள்.
ஆளுக்கு இரண்டு ரொட்டி, ஒரு டப்பா மீன்,
அறைக்கு ஒரு மெழுகுவத்தி.
காவலர் சினாப்பென் கதவுக்குக் குறுக்கே பலகை அடித்தார்.
சின்னப்பன் என்று நான் திருத்தினால்
"அது உங்கள் கரையில்" என்பார், கிரியோலில்.

புயலுக்கு மெலினா என்று பெயர்.
வடகிழக்கிலிருந்து வருகிறாள் என்றது வானொலி,
பிறகு அதுவும் இரைச்சலாயிற்று.

எனக்குத் தெரியும் என்றேன்.
வேதாரண்யத்துக்காரிக்குப் புயலைப் பற்றி
யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.
காற்றுக்கு முதுகு காட்டி நில்,
இடக்கையை நீட்டு,
புயலின் நடு அந்தப் பக்கம்.
படகில் போகிற எல்லாருக்கும் தெரிந்த கணக்கு.

பின்கட்டில் நின்றேன்.
தென்கிழக்கு முதுகில் அறைந்தது.
இடக்கை தென்மேற்கைக் காட்டியது.
"தாண்டிவிட்டது!" என்று உள்ளே பார்த்துக் கத்தினேன்,
"இனி தேய்பிறைதான்."
டாக்காக்காரி ஷிரின் பாயை மறுபடி ஜன்னலோரம் விரித்தாள்.
மடகாஸ்கர் வோலா மெழுகுவத்தியை ஊதி மிச்சம் பிடித்தாள்.

அரைமணியில் அந்த ஜன்னல் உள்ளே வந்தது,
சட்டத்தோடு, கண்ணாடியோடு, ஒரு கரும்புத் தோகையோடு.
ஷிரின் காலில் ஏழு இடத்தில் ரத்தம்.
துப்பட்டாவைக் கிழித்துக் கட்டினேன்.
அவள் ஒன்றும் சொல்லவில்லை.
சொல்லியிருக்கலாம்.

சினாப்பென் என் இடக்கையைப் பார்த்தார்.
தன் வலக்கையை நீட்டினார்.

நிலநடுக்கோட்டுக்குக் கீழே
அதே பூமி, அதே சுழற்சி,
காற்று மட்டும் மறுபக்கம் வளைகிறது.
வங்கக் கடலில் கடிகாரத்துக்கு எதிராய்ச் சுற்றுவது
இங்கே கடிகாரத்தோடு சுற்றுகிறது.
போன திசை என்று நான் காட்டியபோது
அது இன்னும் வந்துகொண்டிருந்தது.

மூன்று வருஷமாய்ப் பிறை இங்கே
கவிழ்ந்து கிடப்பதைப் பார்க்கிறேன்.
காற்றும் அப்படித்தான் இருக்கும் என்று தோன்றவில்லை.
(அப்புறம் ஒருநாள் கழுவுதொட்டியில் சோதித்தேன்.
தண்ணீர் இஷ்டத்துக்கு இரண்டு பக்கமும் சுற்றியது.
சின்ன விஷயங்களில் பூமி தலையிடுவதில்லை.)

பின்னிரவு மூன்றுக்குச் சத்தம் அறுந்தது,
மெஷினை நிறுத்தியது போல.
காது அடைத்துத் திறந்தது.
சொட்டும் தகரம். நட்சத்திரங்கள். எங்கோ ஒரு நாய்.
சினாப்பென் தன் வீட்டுக் கூரையைப் பார்க்க ஓடினார்.
வோலா படியில் உட்கார்ந்து ரொட்டி கடித்தாள்.
கொடியில் மறந்த துணியைத் தேடிப் பத்துப் பேர் கொல்லைக்குப் போனார்கள்.

இந்த அமைதி எனக்குப் பழக்கம்.
எந்தப் பக்கம் சுற்றினாலும் புயலுக்கு நடுவே
ஓட்டை ஒன்றுதான்.
அதன் மறுவிளிம்பில்
காற்று எதிர்த்திசையிலிருந்து வரும்.
"உள்ளே வாங்க! வடமேற்கு ஜன்னலை விட்டு வாங்க!"

யாரும் அசையவில்லை.
எல்லாரும் ஷிரின் காலைப் பார்த்தார்கள்.

ஷிரின்தான் எழுந்தாள்.
நொண்டி நொண்டிப் பாயை இழுத்துக்கொண்டு போய்
உடைந்த ஜன்னலுக்குக் கீழே,
அதே தென்கிழக்குச் சுவரடியில் விரித்தாள்.
அவள் உட்கார்ந்த பிறகு
மற்றவர்கள் வந்தார்கள்.

தாழ்ப்பாள் போடுவதற்குள் வடமேற்கு வந்தது.

ஆறு மணிக்குச் சினாப்பென் வந்தார்.
கூரை போய்விட்டது என்றார்.
ரொட்டி மீதியிருக்கிறதா என்றார்.

என் பங்கைக் கொடுத்துவிட்டுப்
பின்கட்டில் போய் நின்றேன்,
இன்னும் வீசுகிற காற்றுக்கு முதுகு காட்டி.
வலக்கையை நீட்டினேன்.
தென்மேற்கு.
ராத்திரி இடக்கை காட்டிய அதே தென்மேற்கு.

உள்ளே போய்
யாரிடமும் சொல்லவில்லை.
ஷிரின் கட்டை அவிழ்த்து
மறுபடி கட்டினேன்.