சேஷம்

வெளியே நூற்றியெட்டு டிகிரி என்று
வாட்ச்மேன் சொல்லி அனுப்பிய மத்தியானத்தில்
நான்காம் மாடியில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு
ஒரு பெருங்குடலுக்குள் நுழைகிறேன்.

சொந்தக்காரர் கிடையாது அதற்கு.
திரையில் ஒரே ஒரு வரி:
கேஸ் எண் ஏழு, ஆண், ஐம்பத்து நான்கு, ரத்தசோகை.
பெயருக்கு இடம் விடவில்லை, செய்தவர்கள்.
இடது கட்டைவிரல் பெரிய சக்கரத்தில்,
சுட்டுவிரல் காற்றுப் பொத்தானில்,
வலக்கையில் குழாய்,
அழுத்தினால் மை கொட்டிவிடும் பேனாவைப்போல.

முதல் வளைவிலேயே திரை சிவந்தது.
சுவரில் முகம் முட்டி நிற்கிறேன் என்று அர்த்தம்.
கொஞ்சம் பின்னால் வா, காற்று விடு,
இருட்டாகத் தெரிவதுதான் வாசல்.
தெரிந்த அவசரத்தில் தள்ளிவிட்டேன் போல,
ஸ்பீக்கரில் ஓர் ஆள் முனகினான்,
அமெரிக்க இங்கிலீஷில்.
"ஸாரி சார்" என்றேன்.
பக்கத்து மெஷினில் முபஷ்ஷிரா சிரித்த குலுங்கலில்
அவள் கேஸும் முனகியது.

சனிக்கிழமை வேறு வகுப்பு.
லாங் பஜார் விடிவதற்குள் ரஹ்மதுல்லா பாய் கடை.
"கழுவி, வெட்டித் தரவா டாக்டரம்மா?"
வெட்ட வேண்டாம் பாய். குடல் முழுசா வேணும், ஓட்டையில்லாம.
"எத்தனை பேருக்கு?"
ஆறு பேருக்கு. யாரும் சாப்பிடப் போறதில்ல.
அவர் தராசை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.
பலகையில் ஆணி அடித்து, வளைத்துக் கட்டி,
குழாயை விட்டுப் பழகுவோம்.
அன்று மெஸ்ஸில் போட்டி வறுவல் என்றால்
எனக்குத் தயிர்சாதம்.

ஆட்டுக்குடல் மார்க் போடாது. மெஷின் போடும்.
கடைசி முனை சேர: பதினொரு நிமிடம்.
வலி: இரண்டு முறை.
பார்த்த சுவர்: எண்பத்தொரு சதவீதம்.
பார்க்காத பத்தொன்பதில் என்ன இருந்தது என்று மட்டும்
சொல்லவே சொல்லாது.
அந்தப் பத்தொன்பதோடு ஹாஸ்டலுக்கு நடப்பேன்,
வங்காள எழுத்தில் போர்டு வைத்த லாட்ஜுகளைத் தாண்டி,
படிக்கட்டில் ஸ்கேன் கவரை மடியில் வைத்து
யாரோ கூப்பிடக் காத்திருக்கும் குடும்பங்களைத் தாண்டி,
கடுகெண்ணெய் காயும் வாசனையைத் தாண்டி.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை
நிஜ ஆள்.
நிதாய் மண்டல், மால்டா பக்கம்.
இரண்டு ராத்திரி ரயிலில் வந்து காட்பாடியில் இறங்கியவர்.
லேசான மயக்கம்தான், பாதி கண் திறந்திருந்தது.
இருபது சென்டிமீட்டர். முப்பது. நாற்பது.
தள்ளுகிறேன், படம் நகரவில்லை.
முனகல் வரும், நிறுத்தலாம் என்று
காது காத்திருந்தது.
வரவில்லை.
மறுபடி தள்ளினேன்.
"டாக்டர், காலைப் பாருங்க" என்றார்
செலஸ்டின் சிஸ்டர், குரலை உயர்த்தாமல்.

போர்வைக்கு வெளியே இரண்டு பாதங்கள்.
குதிகால் வெடிப்பில் இன்னும் ஊர் மண்.
பத்து விரலும் உள்ளே சுருண்டு
எதையோ கவ்விப் பிடித்திருந்தன.

இழுத்தேன். வலப்புறம் திருகி, மெதுவாக, இன்னும் மெதுவாக.
உள்ளே எங்கோ வளையம் அவிழ்வதை
வலது மணிக்கட்டு முதலில் அறிந்தது.
பிறகு சுண்டுவிரல் விரிந்தது.
அப்புறம் மற்றவை.
திரையில் வழி தானாக வந்தது.

முடிந்து, துடைத்து, புரட்டிப் படுக்கவைத்ததும்
என்னைப் பார்த்து ஒரே சொல் கேட்டார்:
"ஷேஷ்?"
தமிழ்க் காதில் அது சேஷம் என்று விழுந்தது.
மிச்சம் எவ்வளவு என்றா கேட்கிறார்,
எனக்கு அடிவயிறு சில்லிட்டது.
"முடிஞ்சிதான்னு கேக்கறார்" என்றார் சிஸ்டர்.
பதினைந்து வருஷ வார்டு வங்காளி.
தலையாட்டினேன்.
எதற்கு ஆட்டினேன் என்று எனக்கே தெரியாது.

சாயங்காலம் மறுபடி நான்காம் மாடி.
ஏழாம் கேஸுக்கு இடுப்புக்குக் கீழே ஒன்றுமில்லை,
ஒரு மேஜை விளிம்பு.
விஷயத்தைக் கேட்ட முபஷ்ஷிரா
ஆம்பூரில் வாங்கிய தன் செருப்பைக் கழற்றி
அங்கே ஜோடியாக வைத்தாள்.
சிரிக்கவில்லை.

நுழைந்தேன்.
அன்று பார்த்த சுவர் எண்பத்தாறு.
சேஷம் பதினான்கு.