கீழ்வீட்டு வைஃபை

சமாதானபுரம், மாடி வீடு.
வாடகையோடு முந்நூறு ரூபாய் கூடுதல், வைஃபைக்கு.
ரூட்டர் கீழே, ஞானதிரவியம் சாரின்
டிவிக்குப் பின்னால்.

செவ்வாய் ராத்திரி இடது மார்பில்
அருநெல்லி அளவில் ஒரு கட்டி தட்டுப்பட்டது.
ஒன்றரை மணிவரை தேடித் தேடிப் படித்தேன்.
புதன் காலை எஸ்தர் அக்கா
முருங்கைக்கீரை சூப்போடு படியேறி வந்தாள்.
“உடம்புக்கு என்னட்டி?
ராத்திரி பூரா ஆஸ்பத்திரி பேரா ஓடுச்சாமே,
பெர்டின் சொன்னான்.”
சூப்பில் உப்பு சரியாக இருந்தது.
குடித்து, கிண்ணத்தைக் கழுவிக் கொடுத்தேன்.

அன்றைக்கே விபிஎன் பார்க்க ஆரம்பித்தேன்,
மொபைல் டேட்டாவில், போர்வைக்குள்.
ஒருத்தன் இலவசம் என்கிறான்.
என் ரகசியத்தைச் சும்மா சுமக்க
அவனுக்கு என்ன நேர்த்திக்கடனா?
ஒருத்தன் மூன்று வருஷப் பணத்தை இப்போதே கட்டு என்கிறான்;
சிவப்புக் கடிகாரம் பின்னோக்கி ஓடுகிறது.
நேற்றும் அதே ஏழு நிமிஷம்தான் மிச்சமிருந்தது.
எல்லோருக்கும் ஒரே சத்தியம்: குறிப்பு எதுவும் வைப்பதில்லை.
பெர்டினைக் கேட்டாலும் அதைத்தான் சொல்லுவான்.

பாளையங்கால்வாயை விட்டு வேறு கால்வாய்க்குத் தண்ணீரைத் திருப்பலாம்.
மடை திறக்க அங்கேயும் ஒரு ஆள் இருப்பான்.
அவன் யாரோ. பார்த்தாலும்
சூப் கொண்டுவர மாட்டான்.
எனக்கு வேண்டியது அதுதான் போல.

லினக்ஸுக்கென்று ஒரு பக்கம் ஒழுங்காக எழுதிவைத்திருந்தவனுக்கு
ஒரே ஒரு மாதப் பணம் கட்டினேன்.

கம்ப்யூட்டர், வண்ணார்பேட்டை ஆடிட்டர் ஆபீஸ்
கழித்துப் போட்டது. டெபியன் ஏற்றியபின் மூச்சு வந்தது அதற்கு.
வயர்கார்டு கோப்பு பத்துப் பன்னிரண்டு வரி.
சாவி இரண்டு: ஒன்று அவனுக்குக் காட்டலாம்,
ஒன்று எனக்கு மட்டும்.
‘இந்தக் கோப்பை எவரும் படிக்கலாம்’ என்று எச்சரித்தது.
முகத்துக்கு நேரே சொல்கிறதே, அதுவரை நல்லது.
உரிமையை அறுநூறு ஆக்கினேன்.
டெர்மினல் பாஸ்வேர்டு கேட்டது.
தட்டத் தட்டத் திரையில் ஒரு புள்ளிகூட விழவில்லை.
வாங்கிக்கொண்டும் வாங்கியதாய்க் காட்டாத மரியாதை.

கைகுலுக்கல் ஏழு நொடிக்கு முன், என்றது.
ஆனாலும் பக்கம் பாதிதான் வந்தது, மீதி வெள்ளை.
பத்தரைக்கு உட்கார்ந்தவள் பன்னிரண்டரைக்குக் கண்டேன்:
பொட்டலம் பெரிசு.
எம்டியூவை ஆயிரத்து இருநூற்று எண்பதாகக் குறைத்தேன்,
டவுண் பஸ் பின்வாசலில் நுழையாத மூட்டையை
இரண்டாய்ப் பிரித்து ஏற்றுகிற மாதிரி.
ஏறிவிட்டது.

சோதித்துப் பார்த்தால் நான் இருப்பது பிராங்க்பர்ட்.
அடுத்த கட்டத்தில் கசிவு:
ஒவ்வொரு தளத்தின் பெயரையும் இன்னும்
கீழ்வீட்டு ரூட்டரிடம்தான் விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.
பிழை வருகிறதே என்று டிஎன்எஸ் வரியை
சாயங்காலம் அழித்தது நான்தான்.
ரிசால்வ்கான்ஃப் நிறுவி, வரியைத் திரும்ப எழுதி,
குழாய் அறுந்தால் மொத்த மடையும் அடைபட
ஒரு விதியும் சேர்த்தேன்.
பிறகு கட்டியைப் பற்றிப் படித்தேன்.
ஓரத்தில் ஜெர்மன் பாஷையில் மெத்தை விளம்பரம்.
செவ்வாய்க்குப் பிறகு அப்போதுதான் சிரித்தேன்.

சனிக்கிழமை படியில் பெர்டின்.
“அக்கா, உங்க சிஸ்டத்துல இருந்து
எல்லாம் ஒரே அட்ரஸுக்குப் போகுது.
வேற ஒண்ணுமே தெரியல. எதும் பிரச்சனையாக்கா?”
“தெரியலன்னா சரியா இருக்குன்னு அர்த்தம்லே.”
தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.
காட்டும்போதும் மறைக்கும்போதும்
இந்த வீட்டில் யாராவது விசாரிக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை, கோயில் முடிந்து
எஸ்தர் அக்கா சேலைகூட மாற்றவில்லை, கதவைத் தட்டினேன்.
“நாளைக்கு ஹைகிரவுண்டு வரைக்கும் போகணும்.
ஒரு கட்டி. தனியாப் போக ஒரு மாதிரி இருக்கு.”
“ஓபி சீட்டுக்கு ஏழு மணிக்கே நிக்கணும்ட்டி,”
என்றாள், ஆட்டோக்காரர் நம்பரைத் தேடியபடி.

மேலே வந்தேன். குழாய் ஓடிக்கொண்டிருந்தது.
அதை நான் அணைக்கவில்லை.