பதினேழாம் பக்கம்

எதை எடுத்துப்போகட்டும் என்கிறீர்கள்.
பல் மருத்துவமனை முகப்பில்
இருபத்திரண்டு வருடம் உட்கார்ந்தவள் நான்,
வேறு மாதிரிப் பேச வராது.
முதலில் சொல்லுங்கள்,
எங்கே வலி, எத்தனை நாளாய்?

தூக்கம் வரவில்லை என்றால் இது வேண்டாம்.
இதில் ஒருத்தி தினமும் படுக்குமுன்
வீட்டுச் சாவிகளை எண்ணுகிறாள்.
மூன்று. மூன்று. மூன்று.
ஒரு புதன்கிழமை நான்கு.
முடித்த இரவு எழுந்துபோய்
என் கதவைப் பார்த்தேன்.
சங்கிலி போட்டிருந்தது.
யார் போட்டது என்று
விடியும்வரை உட்கார்ந்திருந்தேன்.
தனியாகத்தான் இருக்கிறேன்.

மாமியாரோடு பேச்சில்லையா? அப்போ இது.
கொலை கிடையாது.
ஒரு மூவறை வீடு, ஒரு குளிர்பதனப் பெட்டி,
எந்தத் தட்டு யாருடையது என்று
இருநூற்று எண்பது பக்கம்.
கடைசியில் இரண்டு பேரும் சேர்ந்து
பெட்டியை விற்றுவிடுகிறார்கள்.
அடடா, சொல்லிவிட்டேன்.
பரவாயில்லை, அது விற்கிற கதையில்லை,
அதைப் படி இறக்கும்போது
யார் எந்தப் பக்கம் பிடித்தார்கள் என்கிற கதை.

துப்பறியும் கதையா,
அங்கேதான் ஒரு சங்கதி.
புக்கிட் பாத்தோக் நூலகத்துத் தமிழ் அடுக்கில்
மார்ச் மாதத்திலிருந்து
பதினேழாம் பக்கத்து ஓரத்தில்
யாரோ பென்சிலால் எழுதுகிறார்கள்:
'கொலை செய்தது கணக்கர்.'
'கொலை செய்தது இரண்டாவது மனைவி.'
பௌசியா இரவுப் பணிக்கு எடுத்துப்போனதை
விடிவதற்குள் மூடிவிட்டு வந்தாள்,
பணியிடத்தில் நோயாளிகள்தான் தொல்லை,
இங்கேயுமா என்று.

நானே விசாரித்தேன்.
மென்மையான பென்சில், அழுத்தாத கை.
'லை' எழுதுகையில் தும்பிக்கை வைக்கிற ஆள்,
அப்படியென்றால் எழுத்து மாறுவதற்கு முன்
பள்ளிக்கூடம் போனவர்.
சுங்கத்துறையில் ஓய்வுபெற்ற திருவேங்கடத்தைச் சந்தேகித்தேன்,
பத்தாம் பக்கத்திலேயே கண்டுபிடித்துவிடுவேன் என்று
வாசகர் வட்டத்தில் பீற்றிக்கொள்பவர்.
ரோஸ்லின் டீச்சரையும்.
நானும் தும்பிக்கை வைத்துத்தான் எழுதுவேன்,
அது ஒரு சாட்சியமா?

மூன்று சனிக்கிழமை
நாளிதழ் அடுக்குக்குப் பின்னால் காத்திருந்தேன்.
ஒரு பையன் குறட்டை விட்டான்.
அவ்வளவுதான்.

அப்புறம் ஒரு மழை நாள்,
நீச்சல் ஆசிரியை செத்துக்கிடக்கிற அந்த நாவல்.
பதினேழில் எழுதியிருந்தது: தங்கை.
சரி, தெரிந்துவிட்டதே என்று தொடர்ந்தேன்.
தங்கை தேநீர் ஊற்றினாள், எனக்கு வியர்த்தது.
தங்கை அழுதாள், நடிக்கிறாள் என்றேன்.
தங்கை சிரித்தாள், பல்லை மட்டும் பார்த்தேன்,
தொழில் அது.
கடைசி அத்தியாயம்.
தங்கை இல்லை.
அந்த வீட்டில் உண்மையாக அழுதவள்
அவள் ஒருத்திதான்.

முந்நூறு பக்கம் ஒரு பெண்ணை
கையெழுத்தே இல்லாத ஒரு வரியை நம்பி
குற்றவாளியாக்கி வைத்திருந்தேன்.
எம்ஆர்டியில் வாசித்துக்கொண்டே போய்
கொம்பாக்கில் இறங்கவேண்டியவள்
ஈசூனில் இறங்கி நின்றேன்.

மற்றவற்றையும் எடுத்துப் பார்த்தேன்.
பதினொரு புத்தகம், பதினொரு பெயர்.
ஒன்றுகூடச் சரியில்லை.
குளிர்பதனப் பெட்டிக் கதையில்கூட,
கொலையே இல்லாத அதில்,
பதினேழாம் பக்கம்: 'இருவரும்.'

ஆகவே என் பரிந்துரை இது.
புதுப் பிரதி அங்கே இருக்கும், தொடாதீர்கள்.
முனை மடங்கிய இதை எடுங்கள்.
பதினேழு வந்ததும் நம்புங்கள்.
முழுசாக நம்பிவிட்டு
மூன்று வாரத்தில் கொண்டுவந்து கொடுங்கள்,
எவளைப் பார்த்துப் பல்லைக் கடித்தீர்களோ
அவள் பெயரை மட்டும் சொல்லுங்கள்.

என்ன, என் கைப்பையையே பார்க்கிறீர்கள்?
அழிக்கத்தான் ரப்பர் வாங்கினேன்.
பென்சில் அதோடு வந்த இலவசம்.