எட்டுப் பேருக்கு ஒரு பெட்டி

சனிக்கிழமை ஏழு மணிக்கு எட்டுப் பேர்.
தார்த்துவில் பிப்ரவரி.
ஆறு உறைந்து மூன்று வாரமாகிறது.
அலமாரி முன் முழங்காலிட்டு
எந்தப் பெட்டியை எடுப்பதென்று பார்க்கிறேன்.
எல்லாமே பொய் சொல்லப் பழக்கும் பெட்டிகள்.

ஓநாய் ஆட்டம் வேண்டாம்.
முதல் இரவிலேயே செத்தவர்
மீதி இரண்டு மணிநேரம் என்ன செய்வார்?
போன முறை டோனிஸ் செத்தான்.
என் பாத்திரமெல்லாம் கழுவி, அடுப்பைத் துடைத்து,
ஃப்ரிட்ஜ் கதவின் ரப்பரையும் சரிசெய்துவிட்டுப் போனான்.
எனக்கு லாபம். ஆனாலும் வேண்டாம்.

நீர்மூழ்கி ஆட்டத்துக்குப் பத்துப் பேர் தேவை.
விதிப்புத்தகம் முப்பத்திரண்டு பக்கம்;
ஹெல்தூர் அதை உரக்கப் படிப்பார்,
எட்டாம் பக்கத்தில் லேலோ பசிக்கிறது என்பாள்.

ரகசிய ஜோடி ஆட்டம்...
கைடோவும் பீரெத்தும் நவம்பரில்தான்
கையெழுத்துப் போட்டுப் பிரிந்தார்கள்.
இருவரும் வருகிறார்கள், வேறு வேறு பேருந்தில்.
சீட்டுக்கு இதெல்லாம் தெரியுமா?
ஒரே நிறத்தை இருவர் கையிலும் வைத்துவிட்டால்?

விர்வேக்கு எதுவானாலும் சரி.
பல் மருத்துவர். வலிக்காது, வலிக்காது என்று
நாளுக்கு இருபது தடவை சொல்லிப் பழகியவள்,
முழுப் பூசணிக்காயையும் ஒரு கவளத்தில் மறைப்பாள்.
ஹெல்தூருக்கு எதுவுமே சரியில்லை.
அப்பன் குதிருக்குள் இல்லையென்று
அவர் வாய் திறக்குமுன் காது சிவந்துவிடும்.

இவ்வளவும் சாக்கு.
நான் யோசிப்பது நெஸ்தானைப் பற்றி.

குத்தாய்சியிலிருந்து வந்து இரண்டு வருடம்.
எங்கள் மொழியில் பதினான்கு வேற்றுமை.
போன மாதம் மேசையைச் சுற்றி எல்லோரும்
நீதானே ஓநாய் என்று கேட்டபோது
வாய் திறந்தாள், நின்றாள்,
சரியான உருபைத் தேடினாள்.
ஐந்தாவதா, ஒன்பதாவதா.
அந்த மூன்று நொடி எங்களுக்குப் போதும்.
பார், தயங்குகிறாள் என்றது நான்தான்.
ஆறு கைகள் உயர்ந்தன.
சமையலறையிலிருந்து, செத்துப்போன டோனிஸும்
சோப்பு நுரையோடு ஒரு கை தூக்கினான்.
அவள் சீட்டைத் திருப்பினாள்:
வெறும் கிராமத்துப் பெண். இடுப்பில் ரொட்டிக்கூடை.

புதிதாய்க் கற்கும் மொழியில்
உண்மையும் பொய்யும் ஒரே வேகத்தில்தான் நடக்கும்.
இதை அன்றிரவே சொல்லியிருக்கலாம்,
வாசலில் அவள் பூட்ஸ் ஜிப்
சிக்கிக்கொண்டு இழுத்துக்கொண்டிருந்தபோது.
பனி வழுக்கும், பார்த்துப் போ என்றேன்.

ஆகவே பாலம்.
மூலையில் டேப் ஒட்டிய சின்னப் பெட்டி.
வாயே திறக்க வேண்டாம்.
ஆளுக்கொரு சீட்டைக் கவிழ்த்துப் பையில் போட வேண்டும்:
கல், இல்லையென்றால் விரிசல்.

முதல் பாலம் விழுந்தது.
கைடோ பீரெத்தைப் பார்த்தான், பீரெத் கைடோவை,
இருவருக்கும் அதில் நல்ல பயிற்சி.
இரண்டாவதும் விழுந்தது.
ஹெல்தூரின் காதைப் பிடித்துக்கொண்டோம்;
அவர் விறகடுப்புக்குப் பக்கத்தில்
உட்கார்ந்திருந்தது யாருக்கும் உறைக்கவில்லை.
மூன்றாவது விழுந்தபோது மணி பதினொன்று.
நெஸ்தான் பக்கம் ஒருவரும் திரும்பவில்லை.
திரும்பிவிடக் கூடாதென்று
நான் வேறு கவனமாயிருந்தேன்.

அவள் சீட்டை மெதுவாகத் திருப்பி வைத்தாள். விரிசல்.
'மூன்றையும் நான்தான் உடைத்தேன்' என்றாள்,
ஓர் உருபுகூடப் பிசகாமல்.
லேலோ கம்பு ரொட்டித் துண்டைக் கீழே போட்டாள்.

பிறகு எழுந்து அலமாரிக்குப் போய்
ஓநாய்ப் பெட்டியை உருவி எடுத்தாள்.
'அடுத்த சனிக்கிழமை இது.'
'மறுபடியுமா? உனக்குப் பரவாயில்லையா?' என்றேன்.
வாய் திறந்தாள். நின்றாள்.
ஒன்று, இரண்டு, மூன்று நொடி.
தேடுவது உருபையா, எங்களையா,
ஏழு பேரில் ஒருவருக்கும் தெரியவில்லை.
டோனிஸ் மட்டும்
சட்டைக் கையை மடிக்கத் தொடங்கினான்.