ஏழாவது கட்டம்

ஏழாவது கட்டத்தில் கேட்டிருக்கிறார்கள்:
மாதமொன்றுக்கு எத்தனை கிலோ காபன்
உமது முயற்சியால் குறைகிறது?

என்னிடம் இருப்பது ஒரு தொங்குதராசு.
கொக்கியில் கேனை மாட்டினால் முள் நகரும்.
புகையை எந்தக் கொக்கியில் மாட்டுவது?

நடப்பதைச் சொல்கிறேன், நீங்களே கழித்துக்கொள்ளுங்கள்.

நாவற்குடாவிலிருந்து விடிய ஆறரைக்கு ஸ்கூட்டி.
கால் வைக்கும் இடத்தில் இரண்டு கேன்,
பின்னுக்கு ஒன்று, கயிற்றால் இறுக்கி.
காத்தான்குடியில் பதினொரு கடை, ஆரையம்பதியில் நாலு.
போகவர அரை லீற்றர் பெற்றோல்.
அதை முதலில் எழுதுங்கள், என் பக்கத்துக் கடனாக.

உவைஸ் காக்காவின் கடையில்
எண்ணெய்க்கு நாள் கணக்கு இல்லை, நிறக் கணக்கு.
தேத்தண்ணி நிறம்வரை ரோல்ஸ்,
கோப்பி நிறத்தில் மிளகாய் பஜ்ஜி,
அதையும் தாண்டிச் சட்டியின் அடி தெரியாமல் போனால்
"இந்தா புள்ள, இனி இது உன்ட."

முன்பு அது போன இடம் எனக்குத் தெரியும்.
பாதி வடிகானுக்குள், சவர்க்காரம்போல் கட்டிபட்டு,
மழை வந்ததும் வாவிக்கு.
மீதியை ஒருவன் வாங்கினான்.
சீலையில் வடித்துப் போத்தலில் நிரப்பி
மறுபடியும் பொரிக்கத்தான்.
அவன் இன்னும் வருகிறான்,
லீற்றருக்குப் பதினைந்து ரூபா என்னைவிடக் கூட.
காத்தான்குடியில் மூன்று கடை இப்போது அவன் பக்கம்.
அந்த மூன்றையும் இந்தப் படிவத்தில் நான் சேர்க்கவில்லை.

பிறகு குசினி.
வடித்து, ஆறவிட்டு, மறுபடி வடித்து,
சிரட்டைக் கரியை இடித்துப் போட்டு ஓரிரவு.
கொழும்பிலிருந்து வரும் ஸ்டியரிக் அமிலம்
வெள்ளைச் செதில், சீனியென்று ஏமாற்றும்.
உருக்கித் திரி நட்டு யோகட் கோப்பையில் ஊற்றினால்
காலையில் மெழுகுதிரி.
உருக்க எரிந்த காஸ்: அதையும் எழுதுங்கள்.

தம்பி ஜெனிஸ்டன் கேட்டான்,
"திரியும் எரியத்தானே போகுது? எரிஞ்சா புகைதானே?"
கடை மெழுகு நிலத்துக்கடியில் கிடந்தது, என்றேன்.
அங்கேயே கிடந்திருக்கலாம்.
இது கொஞ்ச நாளைக்கு முன் ஒரு மரம்
காற்றிடம் கைமாற்றாய் வாங்கியது.
"எந்த மரம்?"
முள்ளுத்தேங்காய். மலேசியாவில் எங்கேயோ.
"அப்ப கப்பல்ல வந்ததா?"
கப்பலுக்குப் படிவத்தில் கட்டமில்லை.

முதல் நூறு திரி கோயிலுக்குப் போனது.
மூன்றாம் நாள் சுவாமி ஆளனுப்பினார்:
"பூசைக்குள்ள சனத்துக்குப் பசிக்குதாம்."
கரி போதவில்லை. சுடர் எரிய எரியக் கட்லட் மணம்.
எழுபத்திரண்டு திரும்பி வந்தன.
பிறகுதான் கரியை இரட்டித்தேன், கறுவாப்பட்டை போட்டேன்.
இப்போது ஒன்றும் மணக்காது.
விற்கிறது.

நவம்பர் இரண்டாம் திகதி, மழைக்கு முன்,
தெக்லா வந்தாள். சவக்காலைக்குத் திரி வேண்டுமாம்.
புதியதை எடுத்து நீட்டினேன். முகர்ந்து பார்த்துத் திருப்பித் தந்தாள்.
"பழசு கிடக்கா? அந்த மணக்கிறது."
அவள் புருசன் பஸ் நிலையத்தில் கட்லட் பொரித்தவர்.
"எத்தினை தரம் தோய்ச்சும் சேட்டில இருந்து போகல்ல.
பிறகு ஒருநாள் போயிட்டு."

அலுமாரிக்குப் பின்னால் ஒன்பது இருந்தன.
காசு வாங்கவில்லை.
அது எந்தக் கணக்கிலும் வராது.

பின்னேரம் நானும் போனேன்.
அத்தனை கல்லறை, அத்தனை வெளிச்சம்.
அவளுடையது எதுவென்று தேட வேண்டியிருக்கவில்லை.
ஒரு பூனை எனக்கு முந்தியே அங்கே உட்கார்ந்திருந்தது.

ஏழாவது கட்டத்தில் எழுதியது இவ்வளவுதான்:
நூற்று நாற்பது லீற்றர் வடிகானுக்குப் போகவில்லை.
கிலோ தெரியாது.

விரலில் எண்ணெய் இருந்திருக்கிறது, மன்னிக்கவும்.
கடதாசி அந்த இடத்தில் கண்ணாடியாகி
பின்பக்கத்துப் பதின்மூன்றாம் கேள்வி
என் பதிலுக்குள்ளால் தலைகீழாய்த் தெரிகிறது.